வேடம் போடாமல் ஆடிப் பார்த்தல்: பாலின அடையாளத்தை நடனத்தில் தேடுவோருக்கு ஒரு வழிமுறை

சேலத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நடனம் கற்றுக்கொண்டு, 'ஊர் என்னை ஆண் என்கிறது அல்லது பெண் என்கிறது, அந்தச் சொல் என் உடம்பில் சரியாக உட்காரவில்லை' என்று தமக்குள் சொல்லிக்கொள்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பரதநாட்டியம், ஒயிலாட்டம், சினிமா நடனம் என எதைக் கற்றிருந்தாலும் போதும். ஒன்றுமே கற்காதவர்களும் செய்யலாம். அவர்கள் முதல் இரண்டு வாரப் பயிற்சியை நான்கு வாரமாக நீட்டிக்கொள்வது நல்லது. தற்கால நடனம் என்று நான் இங்கே சொல்வது, முன்பே வகுக்கப்பட்ட அடவுகளுக்குள் உடம்பைப் பொருத்துவதை விட்டுவிட்டு, உடம்பு சேர்த்து வைத்திருக்கும் பழக்கங்களை வெளியே எடுத்துப் பார்த்து, அவற்றிலிருந்தே அசைவை உருவாக்கும் முறையை.

நான் ஆணா, பெண்ணா, இரண்டிலும் அடங்காதவரா என்ற கேள்விக்கு நடனம் தீர்ப்பு எழுதித் தராது. எந்த அசைவு பிறர் சொல்லிப் பழகியது, எந்த அசைவில் மூச்சு தானாகச் சீராகிறது, எதைச் செய்யும்போது தோள் இறுகுகிறது என்பவற்றை அது காட்டும். விடையைத் தேடி அவசரப்படுபவர்கள் இந்தச் சிறிய செய்திகளைத் தவறவிட்டுவிடுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

என் அனுபவம் ஒன்று. நான் பெண்பிள்ளையாக வளர்க்கப்பட்டேன். ஆண்பிள்ளைகள் யாரும் சேராத நாட்டிய வகுப்பில் நானே உயரமானவள் என்பதால், பதினோரு வயதில் ஆண்டு விழாவில் எனக்குக் கிருஷ்ணன் வேடம் கிடைத்தது. நிகழ்ச்சி முடிந்ததும் மயிற்பீலியைக் கழற்ற மறுத்து நான் அழுதேன். பிள்ளை களைத்துப்போய்விட்டது என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். கிருஷ்ணன் ஆணாக இருந்ததால்தான் எனக்குப் பிடித்தது என்று பல ஆண்டுகள் நானே நம்பியிருந்தேன். பிற்பாடு ஒரு தற்காலப் பயிலரங்கில், எந்த வேடமும் இல்லாமல் அகலமாகக் கால் வைத்து, எதிரிலிருப்பவரை நேராகப் பார்த்து, அவசரமின்றி நடக்கச் சொன்னபோது, அதே நிம்மதி திரும்பி வந்தது. எனக்கு வேண்டியிருந்தது அகலமும் நேர்ப்பார்வையும் நிதானமும். அவற்றை ஆணுக்குரியவை என்று பொட்டலம் கட்டி வைத்திருந்தது ஊர். இனி நான் சொல்லப்போகும் பயிற்சிகள் எல்லாமே இந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதற்காகத்தான்.

தொடங்குவதற்கு முன்

மூவர் முதல் ஐவர் வரை சேர்ந்து செய்வது சிறந்தது. தனியாகச் செய்தால் கண்ணாடிதான் துணையாகும், கண்ணாடியோ உடனே நம்மை மதிப்பெண் போட வைத்துவிடும். இடத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். சேலத்தின் அம்மாப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ தறி எடுத்துவிட்ட கூடம், விசேஷம் இல்லாத நாளில் சிறிய மண்டபத்தின் மாடி, விடிகாலையில் மொட்டை மாடி ஆகியவற்றில் எதுவும் போதும். ஆனால் சிமென்ட் தரையில் குதிக்காதீர்கள், முழங்கால் தாங்காது. குதிக்க வேண்டிய பயிற்சிகளை மண் தரையிலோ மரப்பலகைத் தளத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளில் மூன்று உடன்பாடுகளைப் பேசி முடிக்க வேண்டும். கூடத்தில் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது வெளியே போகக் கூடாது. கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. சேலம் பெரிய ஊரானாலும் ஒருவரின் சித்தப்பா மற்றவரின் கடைக்காரராக இருப்பார், ஒரு சிறு காணொளி ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடக்கூடும். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்பைத் தட்டையாக்கும் பைண்டர் அணிபவர்கள் அதை அணிந்துகொண்டு ஆடாதீர்கள். விலா எலும்புகள் விரியாமல் மூச்சு முட்டும், மயக்கம் வரலாம். ஆடும் நேரத்துக்கு இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிராவும் தொளதொளத்த சட்டையும் போதும். அடிபட்ட கைகாலுக்குச் சுற்றும் எலாஸ்டிக் கட்டுத்துணியை மார்பில் சுற்றுவது ஆடாதபோதும் ஆபத்தானது, ஏனென்றால் மூச்சு இழுக்க இழுக்க அது மேலும் இறுகும். ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களும் அறுவை செய்துகொண்டவர்களும் தம் மருத்துவரிடம் கேட்ட பிறகே தூக்குதல், உருளுதல் போன்றவற்றைத் தொடங்க வேண்டும்.

ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். இதில் நம் மொழி ஒரு பெரிய உதவி செய்கிறது. 'நான் வந்தேன்' என்பதிலும் 'நீ வந்தாய்' என்பதிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை; மூன்றாம் மனிதர் ஒருவர் என்னைப் பற்றிப் பேசும்போதுதான் வந்தானா, வந்தாளா என்ற கேள்வி எழுகிறது. அப்போதும் 'வந்தார்' என்ற மரியாதை விகுதி ஒன்று திறந்தே கிடக்கிறது. எல்லோருக்கும் 'ங்க' போட்டுப் பேசும் நம் பக்கத்துப் பேச்சில் அது இன்னும் இயல்பாக வரும். நான் இன்றும் 'அவர்' என்ற சொல்லில்தான் இளைப்பாறுகிறேன். இந்த இலக்கண உண்மை பிற்பகுதியில் ஒரு நடன அமைப்பாகவே பயன்படும்.

முதல் இரண்டு வாரம்: பார்த்தல்

ஆட வேண்டாம், பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, நாளுக்கு அரைமணி நேரம் ஊரில் உடம்புகள் எப்படி இடம் பிடிக்கின்றன என்று எழுதுங்கள். டீக்கடை பெஞ்சில் முழங்கால்கள் எவ்வளவு விரிகின்றன, செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்குபவர் பாரத்தை எந்த இடத்தில் வாங்குகிறார், பூக்கடையில் உட்கார்ந்திருப்பவர் எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறார் என்று பாருங்கள். எழுதும்போது 'பெண்மையாக', 'ஆம்பளைத்தனமாக' என்ற சொற்களுக்குத் தடை உண்டு. 'வலது தோள் முன்னால் வருகிறது', 'முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கிறது', 'பார்வை தரையில்' என்று மட்டுமே எழுத வேண்டும். இந்த ஒரு விதி பழகுவதற்குத்தான் இரண்டு வாரம் கேட்கிறேன்.

நகரப் பேருந்து இதற்கு மிக நல்ல இடம். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்கும் திருநங்கையருக்கும் பயணச்சீட்டுக்குப் பணமில்லை. ஆகவே நடத்துநர் ஒவ்வொரு பயணியையும் ஒரு நொடி பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நொடியில் உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். முடியைக் காதுக்குப் பின் தள்ளுகிறதா, குரலைத் தாழ்த்துகிறதா, மார்பை உள்ளிழுக்கிறதா? என்னோடு பயிற்சி செய்த ஒருவர் அந்த நொடியில் தம் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்குவதைக் கண்டுபிடித்தார். அவருடைய நடனம் முழுவதும் பின்னர் அந்தக் கட்டைவிரலிலிருந்தே வளர்ந்தது.

எங்கள் வீட்டில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். தாத்தா தறிக்குழியில் இறங்கி நெய்வார், பாட்டி ராட்டையில் தார் சுற்றுவார். தாத்தாவின் தோள் அகன்றும் பாட்டியின் தோள் ஒடுங்கியும் இருந்ததை ஆண் உடம்பு, பெண் உடம்பு என்றே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். தாத்தா நோயில் படுத்த ஆண்டு பாட்டி குழிக்குள் இறங்கி மிதி மிதித்து நாடாவை ஓட்டினார். ஆறே மாதத்தில் அவர் தோள் விரிந்தது, நடையில் பாதம் அழுந்தியது. வேலை உடம்பைச் செய்கிறது என்பதை நான் கண்ணால் கண்டது அப்போதுதான். உங்கள் வீட்டில் யார் எதைத் தூக்குகிறார்கள், யார் எதற்குக் குனிகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

மூன்றாம் வாரம்: பன்னிரண்டு அடி

ஒருவர் கூடத்தின் ஒரு முனையிலிருந்து பன்னிரண்டு அடி எடுத்து நடக்க வேண்டும். மற்றவர்கள் முன்பு சொன்ன விதிப்படி பார்த்து எழுதுவார்கள். நடந்தவர் அந்தக் குறிப்புகளைக் கேட்ட பிறகு, அவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி நடப்பார். ஒட்டியிருந்த முழங்கை விலாவைவிட்டு நான்கு விரல் விலகும். மற்ற எல்லாம் அப்படியே இருக்கும்.

எதை மாற்றுவது என்று தெரிந்துகொள்ள, ருடால்ஃப் லாபான் என்ற நடனவியலாளர் வகுத்த முறை மிகவும் கைகொடுக்கும். அசைவை அவர் எடை, காலம், வெளி, ஓட்டம் என்ற நான்கு கூறுகளாகப் பிரித்தார். எடை அழுத்தமாகவோ இலேசாகவோ இருக்கும். காலம் சட்டென்றோ நீண்டோ இருக்கும். வெளியில் அசைவு நேராகக் குறிவைத்துப் போகும் அல்லது வளைந்து சுற்றிப் போகும். ஓட்டம் கட்டுப்பட்டோ தடையின்றியோ இருக்கும். முதல் மூன்றையும் சேர்த்தால் எட்டு அடிப்படைச் செயல்கள் கிடைக்கின்றன: அழுத்துதல், குத்துதல், பிழிதல், வெட்டி வீசுதல், வழுக்குதல், ஒற்றுதல், மிதத்தல், சுண்டுதல். ஈரப் போர்வையைப் பிழியும்போது அழுத்தம் உண்டு, நேரம் நீள்கிறது, கை வளைந்து சுற்றுகிறது. கோலப்பொடி விடும் விரலில் அழுத்தம் இல்லை. இந்த எட்டையும் ஒவ்வொரு நாள் ஒவ்வொன்றாக, நடையிலும் உட்காருவதிலும் ஒருவரை அழைப்பதிலும் செய்து பாருங்கள். எவற்றைச் செய்ய உங்களுக்கு வெட்கமாக இருக்கிறதோ அவற்றுக்கு நோட்டில் புள்ளி வையுங்கள். வெட்கம் வரும் இடத்தில் யாரோ எப்போதோ 'இப்படிச் செய்யாதே' என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குரல் யாருடையது என்று நினைவு வந்தால் அதையும் எழுதுங்கள், வராவிட்டால் வற்புறுத்தித் தோண்ட வேண்டாம்.

'பெண்ணைப் போல நட', 'ஆணைப் போல உட்கார்' என்று பயிற்சி தரும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் சொன்னவுடன் எல்லோரும் இடுப்பை ஒடிக்கிறார்கள் அல்லது மார்பை நிமிர்த்துகிறார்கள். சினிமாவில் கண்டது வெளியே வருமே தவிர, அவரவர் உடம்பில் இருப்பது வெளிவருவதில்லை. திருநங்கையோ திருநம்பியோ அந்தக் கூடத்தில் இருந்தால் அது அவர்களைப் புண்படுத்தவும் செய்யும், ஏனென்றால் அவர்களைக் கேலி செய்பவர்கள் தெருவில் காட்டுவதும் அதே கேலிச் சைகைகளைத்தான்.

பரதநாட்டியம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. தாண்டவம், லாஸ்யம் என்று நாம் கற்ற பிரிவு, வீச்சுள்ளதை ஆணுக்கும் மென்மையானதைப் பெண்ணுக்கும் ஒதுக்கும் பழக்கமாக உடம்பில் ஊறியிருக்கும். பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டியின் ஆழத்தை மாற்றாமல், பாதம் தரையில் படும் எடையை மட்டும் பாதியாக்குங்கள். பிறகு எடையை முழுதாக வைத்துப் பார்வையை மட்டும் அலையவிடுங்கள். அதே அடவு இரண்டிலும் சேராமல் நடுவில் எங்கோ நிற்பதை உணர்வீர்கள். நான் இந்த ஒரு பயிற்சியிலேயே ஒரு மாதம் இருந்திருக்கிறேன்.

நமக்கு முன்னால் ஆடியவர்கள்

இந்தத் தேடல் வெளியிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களில் ஒன்று பேடி ஆடல். ஆண்மை திரிந்து பெண்கோலம் கொண்டு காமன் ஆடியதாகச் சொல்லப்படுவது. பேடி என்ற சொல் பிற்காலத்தில் வசையானது வேறு கதை. ஆண் என்றும் பெண் என்றும் முழுதாகச் சொல்ல முடியாத ஒரு கோலத்தை, ஆடத் தகுந்த ஆடல்களின் வரிசையில் வைத்திருந்தார்கள் என்பது நமக்குப் போதும். சேலம் மாவட்டத்தோடு 1997 வரை சேர்ந்திருந்த திருச்செங்கோட்டு மலையில், பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கும் அர்த்தநாரீசுவரரை நம் பாட்டிமார்கள் படியேறிப் போய்க் கும்பிட்டு வந்தார்கள். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆண்களே பெண்வேடம் கட்டினார்கள். ஆடி மாதத்தில் குகை மாரியம்மன் கோயில் வண்டிவேடிக்கையில் தெய்வ வேடமிட்டு வருபவர்களை ஊரே நின்று பார்க்கிறது. கொங்கு நாட்டு வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுத் தந்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இவற்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் வேடத்துக்கும் நாம் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. கூத்தில் வேடம் கலைந்ததும் ஆடியவர் பழைய பெயருக்குத் திரும்பிவிடுவார் என்ற உடன்பாட்டின்மீதுதான் ஊரின் ஒப்புதல் நிற்கிறது. திரும்ப விரும்பாதவர்களுக்கு அந்த ஒப்புதல் எளிதில் கிடைத்ததில்லை. மதுரையில் பிறந்து, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற திருநங்கை நர்த்தகி நடராஜ், வேடம் கட்டி ஆடியவர் அல்லர், தம்மையே ஆடியவர். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அங்கே போய்ச் சேர அவர் கடந்த தூரத்தை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தற்கால நடனத்தில் நமக்கு மிக அருகிலிருப்பவர் சென்னையின் சந்திரலேகா. பரதத்தையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் சேர்த்து உடம்பை மறுபடி படித்தவர் அவர்; 1998-இல் ஆண் உடம்புகளுக்குள் இருக்கும் பெண்மையைத் தேடி அவர் அமைத்த 'ராகா' என்ற படைப்பில் ஆண்கள் வேடமின்றி, மெதுவாக, தரையோடு ஆடினார்கள். ஜெர்மனியின் பீனா பௌஷ் தம் நடனக்காரர்களுக்கு அசைவைச் சொல்லித் தராமல் கேள்விகளைக் கேட்டு, அவர்கள் தந்த விடைகளிலிருந்து படைப்புகளைக் கட்டினார். 1978-இல் அமைத்த 'கொன்டாக்ட்ஹோஃப்' என்ற படைப்பை 2000-இல் அறுபத்தைந்து வயது கடந்தவர்களையும், பின்னர் பதின்வயதினரையும் கொண்டு மீண்டும் ஆடவைத்தார். நாம் இப்போது அவருடைய கேள்வி முறையைத்தான் எடுத்துக்கொள்ளப்போகிறோம்.

மலையில் ஒரு நாள்

நான்காம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் ஏற்காடு போய்வர வேண்டும். சேலத்திலிருந்து ஏறும் மலைச்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து உங்களை ஒரு பக்கம் தள்ளுகிறது, உடம்பு தன் விருப்பத்தைக் கேட்காமலே பக்கத்திலிருப்பவர்மீது சாய்கிறது. யார் உடனே விலகுகிறார்கள், யார் சாய்ந்தே இருக்கிறார்கள், நீங்கள் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று கவனித்துக்கொண்டே ஏறுங்கள்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதிகாலைக் குளிரில் தசைகள் இறுகியிருக்கும் என்பதால் சமவெளியைவிட இருமடங்கு நேரம் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பிறகு கூட்டம் வருமுன்னே பாறைமுனைகளுக்குப் போங்கள். ஒன்றின் பெயர் லேடீஸ் சீட், மற்றொன்றின் பெயர் ஜென்ட்ஸ் சீட், மூன்றாவதற்குச் சில்ட்ரன்ஸ் சீட். பாறைக்கும் பாலினம் வைத்துப் பெயரிட்டிருக்கும் இடம் நம் ஊருக்கு மேலேயே இருப்பதை நான் ஒரு கொடையாகவே எடுத்துக்கொள்கிறேன். விளிம்புக்குப் போகாமல், பாசி பிடித்த கல்லைத் தவிர்த்து, சமமான இடத்தில் உட்காருங்கள். லேடீஸ் சீட்டில் பத்து நிமிடமும் ஜென்ட்ஸ் சீட்டில் பத்து நிமிடமும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து, அந்தப் பெயர் உங்கள் முதுகை ஏதாவது செய்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குரியது என்று ஊர் சொல்லும் இடத்தில் உடம்பு தளர்கிறதா, இறுகுகிறதா? இரண்டிலும் ஒன்றும் நேராதவர்களும் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் செய்திதான்.

பிறகு காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, சில்வர் ஓக் நிழல் விழும் சமமான பாதை ஒன்றில், அனுமதி கேட்டுக்கொண்டு, 'இருபது திருப்பம்' என்ற பயிற்சியைச் செய்யுங்கள். பத்தடி நடந்து திரும்ப வேண்டும்; ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கூறு மட்டும் மாற வேண்டும், முந்தைய மாற்றங்கள் தொடர வேண்டும். முதல் திருப்பத்தில் எடை, இரண்டாவதில் பார்வை, மூன்றாவதில் முழங்கை என்று போகப் போக, எட்டாவது ஒன்பதாவது திருப்பத்தில் உங்களுக்கே அறிமுகமில்லாத ஒருவர் நடந்துகொண்டிருப்பார். அவரைப் பிடித்திருந்தால் பதினைந்து வரை அவரோடு இருங்கள். பிடிக்காவிட்டால் அடுத்த திருப்பத்தில் விட்டுவிடுங்கள். இருபதாவது திருப்பத்தில் எந்த மாற்றத்தையும் திணிக்காமல் நில்லுங்கள். நின்ற உடம்பை ஒரு நண்பர் ஐந்து வரிகளில் எழுதித் தரட்டும். என் அனுபவத்தில், படைப்பின் முதல் காட்சி பெரும்பாலும் அந்த ஐந்து வரிகளுக்குள் இருக்கிறது.

படைப்பாகக் கட்டுதல்

கூடத்துக்குத் திரும்பியதும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, சொல்லால் விடை சொல்லாமல் அசைவால் சொல்லுங்கள். கேள்விகள் சிறியவையாகவும் உடம்பைப் பற்றியவையாகவும் இருக்கட்டும். உன்னை முதன்முதலில் 'காலைச் சேர்த்து உட்கார்' என்றது எப்போது? யாரும் இல்லாத வீட்டில் எப்படிப் படுப்பாய்? முடி வெட்டும் கடையில் துணியைப் போர்த்தும்போது உன் கை எங்கே போகிறது? உன்னைத் தவறான சொல்லால் அழைத்தபோது எந்த உறுப்பு முதலில் கேட்டது? ஒவ்வொரு விடையும் பத்து நொடிக்கு மேல் நீளக் கூடாது. இருபது கேள்விக்கு இருபது விடை கிடைத்தால், அவற்றில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நோட்டில் விட்டுவிடுங்கள்.

இருவர் சேர்ந்து ஆடும் பகுதிக்கு, ஸ்டீவ் பாக்ஸ்டன் என்ற நடனக் கலைஞர் 1972-இல் தொடங்கிவைத்த, ஒருவர்மீது ஒருவர் எடையைச் சாய்த்து ஆடும் தொடர்பு ஆட்டம் (கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்) நல்ல அடித்தளம். அதில் யார் தூக்குவது, யார் தூக்கப்படுவது என்பதை ஆண் பெண் முடிவு செய்வதில்லை. எடை எந்தப் புள்ளியில் பகிரப்படுகிறது என்பதே முடிவு செய்கிறது. கை பலத்தால் தூக்க முயன்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். தூக்குபவர் முழங்காலை மடித்து, தம் இடுப்பைத் துணைவரின் இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், மூச்சை விட்டபடி காலால் எழ வேண்டும். தூக்கப்படுபவர் பொம்மையாகத் தொங்காமல் தம் நடுவுடலை மேல்நோக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்தால் நாற்பத்தைந்து கிலோ உள்ளவர் அறுபத்தைந்து கிலோ உள்ளவரை முதுகில் ஏந்த முடியும். வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தூக்கப்படாத வளர்ந்த ஆண்களும், ஒருமுறைகூட யாரையும் தூக்கச் சொல்லப்படாத பெண்களும் இந்தப் பயிற்சியில் அழுததைப் பார்த்திருக்கிறேன். பாய் விரித்து, அருகில் ஒருவரைக் காவல் நிறுத்தித்தான் செய்ய வேண்டும்.

இப்போது அந்த இலக்கணத்துக்கு வருகிறேன். ஒருவர் ஆட, மற்றொருவர் பக்கத்தில் நின்று அவரைப் பற்றிப் படர்க்கையில் உரக்கச் சொல்ல வேண்டும்: 'அவள் கையைத் தூக்குகிறாள், அவள் திரும்புகிறாள்.' சில நிமிடம் கழித்து 'அவன்', பிறகு 'அவர்', கடைசியில் ஆடுபவர் தாமே 'நான் திரும்புகிறேன், நான் நிற்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஆட வேண்டும். ஆட்டம் ஒன்றே, விகுதி மட்டுமே மாறுகிறது. எந்த விகுதியில் அசைவு பெரிதாகிறது, எதில் சுருங்குகிறது என்பது பார்ப்பவர்களுக்கே தெரிந்துவிடும். இதைச் செய்யுமுன் ஆடுபவரிடம் எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று கட்டாயம் கேளுங்கள். சிலருக்குப் பழைய விகுதி காயம், அதை ஒத்திகையில்கூடக் கேட்க வேண்டியதில்லை.

ஆட்டத்தில் கையாள ஒரு பொருள் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று போதும். சேலத்துக்காரர்களுக்கு வெள்ளிக் கொலுசைவிடப் பொருத்தமானது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. சலங்கையை ஆடுபவர் எவரும் கட்டலாம். கொலுசு என்றதும் ஊர் பெண்ணின் காலைத்தான் பார்க்கும். அதைச் செய்யும் பட்டறைகளில் ஆண்களின் விரல்களும் பற்ற வைத்து, மெருகேற்றி, ஓசை சரிபார்த்துத்தான் அனுப்புகின்றன. கொலுசைக் கையில் வைத்துக்கொள்வது, காதருகே கொண்டுபோவது, ஒரு காலில் மட்டும் கட்டுவது, ஓசை எழாமல் நடக்க முயல்வது என்று இந்த ஒரு பொருளிலேயே நான்கு காட்சிகள் இருக்கின்றன. இசையைப் பொறுத்தவரை, முதல் படைப்புக்குப் பாட்டு வேண்டாம் என்பேன். பாட்டு வந்தால் அதிலுள்ள காதலனும் காதலியும் கூடவே வந்துவிடுவார்கள். மூச்சும் கால் ஓசையும், தேவையானால் தூரத்து விசைத்தறிச் சத்தமும் போதும். நீளம் ஏழு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

காட்டுதல்

பத்துப் பேரை மட்டும் அழையுங்கள். முதல் முறையே பெற்றோரை அழைக்காதீர்கள். உங்களைத் தெரிந்த, உங்களைத் திருத்த நினைக்காத மனிதர்களாக அவர்கள் இருக்கட்டும். ஆடி முடித்ததும் பார்வையாளர்களிடம் 'நீங்கள் யாரைக் கண்டீர்கள்' என்று கேட்காமல், 'எந்த இடத்தில் உங்கள் மூச்சு மாறியது' என்று கேளுங்கள். முதல் கேள்வி அவர்களை உங்களுக்குப் பெயர் வைக்கத் தூண்டும், இரண்டாவது அவர்களையும் தம் உடம்புக்குத் திருப்பும். இந்த நடனம் என் அறிவிப்பு என்று நீங்கள் சொல்ல விரும்பினால் சொல்லலாம், விரும்பாவிட்டால் அது ஒரு நடனம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். விளக்கம் தரும் கடமை உங்களுக்கு இல்லை.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் நம்பத்தகுந்த ஒரு பெரியவரைத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும். செய்தி வீட்டுக்குத் தெரிந்து, 'குணப்படுத்த' அழைத்துப்போகும் பேச்சு வந்தால், ஒருவரின் பாலின அடையாளத்தையோ நாட்டத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. வயது வந்தோர் ஒப்புதலுடன் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், முதல் மனுதாரராக நின்ற நவ்தேஜ் சிங் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர். இந்தப் பயிற்சிகளின்போது பழைய துயரம் கிளம்பித் தூக்கம் கெட்டால், பயிற்சியை நிறுத்திவிட்டு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள்; அது அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்.

நிகழ்ச்சிக்கு மறுநாள் முழுவதும் ஓய்வெடுங்கள், கால்களை வெந்நீரில் வையுங்கள். மூன்றாம் நாள் அதே நண்பர்களோடு அதே கூடத்தில், மறுபடியும் பன்னிரண்டு அடி நடந்து, அவர்களைக் குறிப்பெழுதச் சொல்லி, மூன்றாம் வாரத்துக் குறிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். என் நோட்டில் முதல் பக்கத்தில் 'பார்வை தரையில், இடது கை சட்டை நுனியைப் பிடித்திருக்கிறது' என்று இருந்தது. எட்டு வாரம் கழித்து எழுதிய பக்கத்தில் கை இன்னும் சட்டை நுனியைத்தான் பிடித்திருந்தது, பார்வை மட்டும் எதிர்ச் சுவரின் ஜன்னலுக்குப் போயிருந்தது. அந்தக் கையிலிருந்து என் அடுத்த படைப்பைத் தொடங்கினேன்.